சந்தா நோட்டும் சந்தை ஏலமும்

1

சென்ற தை மாதம் எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் குழு கூடிற்று. குழு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான்கு பேர், அச்சகத்தின் பின்னறை, பொட்டலத்தில் மசால் வடை. பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. சந்தா 412இல் நிற்கிறது. மூன்று வருஷமாய் நகரவில்லை. காகித விலை மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

குழுவில் இளையவரான தோழர் ஒரு யோசனை வைத்தார். "அண்ணே, சந்தாதாரர் போன் நம்பரெல்லாம் எக்ஸெல்ல இருக்குல்ல? அதை அப்படியே விளம்பரக் கணக்குல ஏத்திடுவோம். இவங்கள மாதிரியே இருக்கற ஆளுங்கள அதுவே தேடிப் புடிச்சி நம்ம விளம்பரத்தக் காட்டும். ஒரு ஆயிரம் ரூபா போட்டுப் பாக்கலாமே."

எனக்கு இது தவறாகப் படவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு சமூக ஊடகத்தில் எங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. 2,900 பேர் பின்தொடர்கிறார்கள். புது இதழ் வந்த சேதியைப் போட்டால் 150 பேர் கண்ணில்கூடப் படுவதில்லை. பணம் கட்டினால் மிச்சப் பேருக்கும் காட்டுகிறேன் என்று பொத்தான் ஒன்று மின்னுகிறது. அப்படியிருக்க, பணம் கட்டுவதுதான் கட்டுகிறோம், கொஞ்சம் விவரமாகக் கட்டலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார். "அந்த லிஸ்ட்ட யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1976 ஜனவரி 31ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு நெருக்கடிநிலை தன் முழு உருவத்தில் தமிழ்நாட்டில் இறங்கியபோது, அவர் தனியாளாய் ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்தார். விசாரிக்க ஆள் வரப்போகிறது என்று சேதி வந்த ராத்திரி, சந்தா நோட்டை அடுப்பில் போட்டார். எழுபது பேர். பாதிப் பேரைப் பிற்பாடு ஞாபகத்திலிருந்து மீட்டார். மீதிப் பேர் போனது போனதுதான்.

போலீஸ் கேட்டால் நோட்டை எரிக்கிறோம். கம்பெனி என்றால் கேட்கக்கூட வேண்டியதில்லை, நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்று யோசிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

2

பத்திரிகை என்பது வாசகருக்குச் செய்தி விற்கிற தொழில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1833இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' நாளிதழைத் தொடங்கியபோது மற்ற ஏடுகள் ஆறு சென்ட்; அவர் ஒரு சென்ட்டுக்கு விற்றார். பிழைப்பை விளம்பரத்தில் வைத்தார். செய்தியைக் காட்டி ஆளைச் சேர்ப்பது, சேர்ந்த கூட்டத்தை விளம்பரதாரருக்கு விற்பது. தூண்டில், புழு, மீன் என்றால் யார் எதுவென்று விளங்கிவிடும்.

இதைக் கோட்பாடாக வைத்தவர் கனடாவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் டல்லாஸ் ஸ்மித். 1977இல் எழுதிய கட்டுரையொன்றில் மேற்கத்திய மார்க்சியர்களைப் பார்த்து அவர் கேட்டார்: வெகுஜன ஊடகம் உற்பத்தி செய்கிற சரக்கு எது? செய்தி, கருத்து, பிம்பம், கருத்தியல் என்றெல்லாம் நீங்கள் சொல்வது போதாது. விற்கப்படும் சரக்கு பார்வையாளர்தான் என்றார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தொலைக்காட்சி பார்க்கிறவர் ஓய்வெடுக்கவில்லை, விளம்பரதாரருக்காக வேலை பார்க்கிறார் என்பது அவர் வாதம். மறுவருஷமே கிரஹாம் மர்டாக் இதற்கு மறுப்பு எழுதினார். விளம்பரத்தை நம்பியிராத சினிமா, இசை, நாவல் இவற்றையெல்லாம் ஸ்மித் விட்டுவிட்டார், கருத்தியலின் வேலையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்றார். மர்டாக்கின் மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் ஸ்மித் எழுப்பிய கேள்வி செத்துப்போகவில்லை. நம் கைபேசிக்குள் அது இப்போதுதான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்மித் காலத்து வியாபாரம் மொத்த வியாபாரம். இரவு ஒன்பது மணி நாடகத்தை இத்தனை லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று குத்துமதிப்பாய் அளந்து மூட்டையாக விற்றார்கள். இன்றைக்கு நடப்பது சில்லறை வியாபாரம். ஆள் ஆளாக, கணம் கணமாக.

3

இது எப்படி நடக்கிறது? 1998இல் பில் கிராஸ் என்பவர் 'கோடூ' என்ற தேடுபொறியில் சொற்களை ஏலம் விட்டார். ஒரு சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் பட அதிக விலை கேட்டவருக்கே முதலிடம். 2002இல் கூகுள் இதில் ஒரு மாற்றம் செய்தது. விலை மட்டும் போதாது, அந்த விளம்பரத்தை மக்கள் எந்த அளவுக்குச் சொடுக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுத்தது. யாரும் சொடுக்காத விளம்பரத்துக்கு இடம் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன லாபம்?

ஃபேஸ்புக்கில் இது இன்னும் நுணுக்கமாயிற்று. திண்டிவனத்தில் ஓர் ஆசிரியை இரவு பத்து மணிக்குக் கைபேசியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கான ஒவ்வோர் இடத்திலும், கண் இமைப்பதற்குள், ஓர் ஏலம் முடிந்துவிடுகிறது. அந்த ஏலத்தில் மூன்று சங்கதிகள் கணக்கில் வருகின்றன. விளம்பரதாரர் கேட்கும் விலை ஒன்று. இந்த ஆசிரியை, இந்த விளம்பரத்துக்கு, அவர் விரும்புகிற காரியத்தைச் செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்கிற கணிப்பு இரண்டாவது. இவை இரண்டையும் பெருக்கி, விளம்பரத்தின் தரம் என்ற மூன்றாவதைக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்கு ஆசிரியையின் அந்தக் கணம் போய்ச் சேர்கிறது. ஆகவே ஏலம் போவது பக்கத்தின் மூலை இல்லை. அவர் அடுத்து என்ன செய்வார் என்பது பற்றிய ஊகம்.

அந்த ஊகத்துக்கு விதைநெல் வேண்டும். 2012இல் ஃபேஸ்புக் விளம்பரதாரர்கள் தங்களிடமுள்ள வாடிக்கையாளர் பட்டியலையே ஏற்றிக்கொள்ள வழி செய்தது. 2013இல் அந்தப் பட்டியலைப் 'போன்றவர்களை'த் தேடித் தரும் வசதி வந்தது. எங்கள் இளைய தோழர் சொன்னது இதைத்தான்.

நீங்கள் ஏற்றும் எண்கள் குறியீடாக மாற்றப்படுகின்றன. அந்தக் குறியீடு யார் யார் கணக்கோடு பொருந்துகிறது என்று பார்க்கப்படுகிறது. பொருந்திய ஆட்களிடம் பொதுவாயுள்ள தடயங்கள் திரட்டப்படுகின்றன. அதே தடயங்கள் உள்ள வேறு லட்சம் பேர் பிடிபடுகிறார்கள். பொருத்திப் பார்த்தபின் ஏற்றிய எண்களை அழித்துவிடுகிறோம் என்கிறது நிறுவனம். இருக்கட்டும். எந்தக் கணக்குகள் அந்தப் பட்டியலில் இருந்தன என்கிற பொருத்தம் நிற்குமல்லவா? அதற்காகத்தானே ஏற்றுகிறோம்?

4

இந்த இடத்தில் ஸ்மித்தை ஓர் அடி தாண்டியாக வேண்டியிருக்கிறது. இங்கே சரக்காவது தனித்தனிப் பார்வையாளர் மாத்திரமல்ல, நமக்கு நடுவேயுள்ள உறவு.

2018இல் வெடித்த கேம்ப்ரிட்ஜ் அனலிடிகா விவகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆளுமையைச் சோதித்துச் சொல்வதாக வந்த ஒரு செயலியை நிறுவிக்கொண்டவர்கள் சுமார் 2,70,000 பேர். அதன் வழியே விவரம் பறிபோனவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. சம்மதம் தந்தவர் ஒருவர்; போனதோ அவருடைய சிநேகிதர்கள் எல்லோரும். நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத் தனிமனிதரின் கையெழுத்தாகவே பார்க்கிறது. உறவுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

இன்னொன்று. எங்களைத் தேடி வந்து பின்தொடர்ந்த 2,900 பேரை எங்களிடமே விலைக்கு விற்கிறார்கள் அல்லவா, இதற்கு மார்க்ஸ் பெயர் வைத்திருக்கிறார்: நிலவாடகை. உழுதவன் ஒருவன், விதைத்தவள் ஒருத்தி. வரப்பில் கால் வைக்காதவன் பட்டா தன் பேரில் இருப்பதால் களத்துமேட்டில் வந்து மரக்காலை நீட்டுகிறான். குத்தகை எவ்வளவு என்பதையும் அவனே மாற்றுவான். 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க் ஓர் அறிவிப்புச் செய்தார்: இனி நண்பர், குடும்பத்தாரின் பதிவுகள் அதிகம் காட்டப்படும், வணிக நிறுவனங்கள், ஊடகங்கள் இவற்றின் பதிவுகள் குறையும் என்று. அவர் சொன்ன காரணம் எதுவாயினும் சரி, ஓர் ஆள் முடிவெடுத்தால் உலகத்துப் பத்திரிகைகளின் வாசல் குறுகுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. 2024இல் மெட்டா நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 97 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரத்தில் வந்தது.

5

நாம் என்ன ஆகிறோம் என்ற கேள்விதான் எழுதுகிறவர்களாகிய நமக்கு முக்கியம். 2017 முதல் ஃபேஸ்புக்கின் கணக்கில் கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறி ஒவ்வொன்றுக்கும் சாதாரண 'லைக்'கைப்போல் ஐந்து மடங்கு மதிப்புத் தரப்பட்டிருந்தது 2021இல் வெளியான உள்ஆவணங்களால் தெரியவந்தது. பிற்பாடு படிப்படியாகக் குறைத்து, 2020இல் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். நம் கோபங்கள் நியாயமானவைதாம். ஆனால் நேற்று ஐந்து, இன்று பூஜ்யம் என்று அதற்கு விலை போடுவது யார்? அந்த விலைக்குத் தக்கபடி முதல் வாக்கியத்தைக் கூராக்கவும், "ஆனால்" என்று தொடங்கும் பத்தியை வெட்டவும் நான் பழகியிருக்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறேன். நுகர்வுக் கலாச்சாரத்தை எதிர்த்து எழுதிய கட்டுரைக்காகத்தான்!

அதற்காக இதையெல்லாம் துறந்துவிட்டுச் சிற்றிதழ் என்னும் ஆசிரமத்துக்குப் போவோம் என்று சொல்ல வரவில்லை. சிற்றிதழ் என்ன சுத்த பூமியா? யாருடைய கவிதை 'தரமில்லை' என்று திரும்பிப் போயிற்று, தீர்மானித்த கைகள் எந்தச் சாதிக் கைகள் என்பதை நாம் அறிவோம். எந்த ஆசிரியரின் தயவுமின்றித் தலித்துகளும் பெண்களும் எழுதி ஆயிரம்பேர் படிப்பது இந்தக் கைபேசித் திரையில்தான். வீட்டில் இடித்த பொடியைத் தரகனில்லாமல் விற்கிற பெண்ணுக்கும் இதே திரைதான் கடை. குத்தகை நிலத்திலும் நெல் விளையும். நிலம் நம்முடையதல்ல என்பதை மறந்துவிட்டு உழுவதுதான் ஆபத்து.

6

அன்றைக்குப் பட்டியலை ஏற்றவில்லை. இளைய தோழருக்குக் கோபம். "அப்ப பத்திரிகைய மூடிடலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவர்தான் கணக்குப் போட்டார். 412 பேர், நாம் நாலு பேர். ஆளுக்கு 103. ஒவ்வொருவரிடமும் நாமே பேசுவோம்.

இரண்டு மாதம் ஆயிற்று. நான் பேசிய 103 பேரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். ஒருவருக்கு ஒன்றரை வருஷமாக இதழ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்; அவர் மனைவி பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தார். எந்திரத்தில் ஏற்றியிருந்தால் 'பொருந்தவில்லை' என்ற எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவே. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், "சார், என் நம்பர மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. நான் இதெல்லாம் படிக்கறது வீட்ல தெரியாது" என்றார். அன்றைக்கு நான் கைதூக்கியிருந்தால் என்ற நினைப்பு வந்து கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நாலு பேருமாகச் சேர்த்துக் கிடைத்த புதுச் சந்தா 38. எந்திரம் அதிகமாகவே பிடித்துத் தந்திருக்கலாம். அதை மறுக்க எனக்கு ஆதாரமில்லை.

கணக்கை ஒப்பித்த அன்று இளைய தோழர் சிரித்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்டார். "எல்லாம் சரிண்ணே. அந்த எக்ஸெல் எங்க இருக்கு தெரியுமா? இன்னொரு கம்பெனிக்காரன் மேகத்துலதான் இருக்கு."

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பெரியவர் எழுந்து போய் மூலைக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தார். நான் பெயரைப் படிக்க, அவர் எழுத ஆரம்பித்தார்.