வட்டுக்குளத்தில் மீட்பு விரைவும் இழப்பு எல்லையும்: நிறுவனச் சேமிப்பக அணி குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பெரிய சேமிப்பக அணிகளில் தனித்தனி ரெய்டு குழுக்களுக்கு மாற்றாக வட்டுக்குளம் என்னும் அமைப்பு கையாளப்படுகிறது. பழுதான வட்டின் தரவை விரைந்து மீட்பது இதன் சிறப்பு. அவ்விரைவுக்கு ஈடாக இழப்பின் எல்லை விரிவதையும், அதனால் எழும் மேலாண்மைக் கடமைகளையும் இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சேமிப்பக அணி, ரெய்டு, வட்டுக்குளம், மீட்பு வெளி, மெலிந்த ஒதுக்கீடு

முன்னுரை

1988ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகியோர் ரெய்டு என்னும் கருத்தாக்கத்தை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். விலை குறைந்த பல வட்டுகளை இணைத்து, ஒன்று பழுதாயினும் தரவு அழியாதவாறு காப்பது அதன் அடிப்படையாகும். பின்னர் வந்த ரெய்டு 6 இரு வட்டுகளின் பழுதையும் தாங்கும். இம்முறையில் பழுதுற்ற வட்டின் இடத்தை உதிரி வட்டு ஒன்று ஏற்கிறது. மீட்கப்படும் தரவு முழுவதும் அந்த ஒரே வட்டில் எழுதப்பட வேண்டும். நொடிக்கு 200 மெகாபைட் எழுதவல்ல 12 டெராபைட் வட்டை நிரப்ப, வேறு பணியே இல்லாதபோதும் 60,000 நொடிகள், அதாவது 16 மணி 40 நிமிடங்கள் தேவைப்படும். பயனர் பணிகளும் உடன் நடக்கையில் இது நாட்கணக்கில் நீளலாம். அக்காலம் முழுவதும் தரவின் காப்பு குறைந்தே இருக்கும்.

குளத்தின் அமைப்பு

டிஸ்க் பூல் என்பதற்கு வட்டுக்குளம் என்னும் நேர்ச்சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. பல வாய்க்கால்களின் நீர் குளத்தில் கலந்தபின் எது எவ்வழி வந்தது எனப் பிரித்தறிய இயலாதன்றோ? நெட்ஆப் நிறுவனத்தின் இ-சீரிஸ் அணிகளில் உள்ள அமைப்பைச் சான்றாகக் கொள்ளலாம். இதில் தரவு பட்டைகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பட்டையும் 10 துண்டுகளைக் கொண்டது. அவற்றுள் 8 தரவுக்கும் 2 பாரிட்டிக்கும் உரியவை. ஒரு பட்டையின் துண்டுகள் 10 வெவ்வேறு வட்டுகளில் அமையும். எந்தப் பட்டைக்கு எந்த வட்டுகள் என்பதை, சான்டா குரூஸ் வளாகத்தில் உருவாகி 2006இல் வெளியான கிரஷ் என்னும் நெறிமுறையின் அடிப்படையிலான கணக்கீடு முடிவு செய்கிறது. குளம் அமைக்கக் குறைந்தது 11 வட்டுகள் தேவை.

இங்கு உதிரி வட்டு என ஒன்று தனியே இல்லை. அதற்கு ஈடான வெற்றிடம் எல்லா வட்டுகளிலும் பரந்து கிடக்கிறது. ஆகவே ஒரு வட்டு பழுதானால் எஞ்சிய அனைத்தும் ஒருங்கே படித்து, ஒருங்கே எழுதி, இழந்த துண்டுகளை மீட்கின்றன.

பழுதின் கணக்கு

24 வட்டுகள் கொண்ட குளத்தில் ஒரு வட்டு பழுதானபின், மீட்பு முடியும் முன்னரே மற்றொன்றும் பழுதாவதாகக் கொள்வோம. ஒரு பட்டை இவ்விரு வட்டுகளையும் பயன்படுத்தியிருக்கும் வாய்ப்பு 10/24 × 9/23, அதாவது ஏறத்தாழ 16 விழுக்காடு. இப்பட்டைகளே இனி ஓர் இழப்பையும் தாங்காதவை. கட்டுப்பாட்டுக் கருவி இவற்றை முதலில் மீட்கிறது. எனவே உச்ச இடர்க்காலம் மிகவும் சுருங்குகிறது. 60 வட்டுகள் உள்ள குளத்தில் இப்பங்கு 2.5 விழுக்காடு மட்டுமே.

இதன் மறுபக்கம் விற்பனைக் கையேடுகளில் அரிதாகவே பேசப்படுகிறது. அதே 24 வட்டுகளை 12 வட்டுகள் கொண்ட இரு ரெய்டு 6 குழுக்களாகப் பிரித்தால், ஒரே நேரத்தில் பழுதாகும் மூன்று வட்டுகளும் ஒரே குழுவில் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு. அவ்வாறு அமைந்தாலும் மற்றக் குழு பிழைத்திருக்கும். குளத்திலோ மூன்று வட்டுகள் ஒருசேரப் பழுதானால் இழப்பு ஏறக்குறைய உறுதி. அழிவது சுமார் 6 விழுக்காடு பட்டைகளே எனினும், அவை குளத்தில் உள்ள பெரிய வால்யூம்கள் அனைத்திலும் சிதறியிருக்கும். ஒரு தரவுத்தளத்தில் 6 விழுக்காடு அழிந்தால் எஞ்சிய 94 விழுக்காட்டால் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே, எல்லா வட்டுகளையும் ஒரே குளத்தில் சேர்ப்பது எளிது என்பதற்காக அவ்வாறு செய்தல் தகாது. முதன்மைத் தரவையும் அதன் காப்புநகலையும் ஒரே குளத்தில் வைப்பது அதனினும் பெரிய பிழை.

மீட்பு வெளியும் ஒதுக்கீடும்

24 வட்டுகளின் மொத்தக் கொள்ளளவு 288 டெராபைட். இரு வட்டுகளுக்கு ஈடான 24 டெராபைட்டை மீட்பு வெளியாக விலக்கி, எஞ்சியதில் பாரிட்டிக்கு உரிய ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் 211.2 டெராபைட் கிடைக்கும். இடநெருக்கடியின்போது மீட்பு வெளியைக் குறைக்கும் ஆசை எழுவது இயல்பு. அது காப்பீட்டுத் தொகையைச் செலவுக்கு எடுப்பதற்கு ஒப்பாகும். மேலும், மீட்பு முடிந்தவுடன் குளம் நலமாக இருப்பதாகவே பெரும்பாலும் திரையில் தோன்றும். ஆனால் மீட்பு வெளியில் ஒரு வட்டின் அளவு குறைந்திருக்கும். பழுதான வட்டை மாற்றும்வரை பணி முடிந்ததாகாது.

மெலிந்த ஒதுக்கீடு மற்றொரு நுண்ணிய இடர். 211 டெராபைட் உள்ள குளத்திலிருந்து துறைகளுக்கு 300 டெராபைட் வழங்கியதாகக் காட்டலாம். எழுதப்படும் அளவுக்கே இடம் செலவாகும். குளம் நிரம்பிவிட்டாலோ, சிக்கனமாகப் பயன்படுத்திய துறை உட்பட எவராலும் புதிய இடத்தில் எழுத இயலாது. கோப்புகளை அழித்தாலும் உடனே இடம் மீளாது. வழங்கி தன் இயங்குதளத்தின் வாயிலாக அன்மேப் கட்டளையை அனுப்பினால்தான், அழிக்கப்பட்ட பகுதிகள் வெற்றிடம் என்பதை அணி அறியும். எனவே நிரம்பல் எச்சரிக்கையை எந்த விழுக்காட்டில் அமைப்பது என்பதைப் புதிய வட்டுகளை வாங்கி, பொருத்தி, தரவு அவற்றில் மறுபரவல் அடைய ஆகும் காலத்தைக் கணக்கிட்டே தீர்மானித்தல் வேண்டும். கொள்முதலுக்கு மூன்று மாதம் எடுக்கும் நிறுவனத்தில், மூன்று மாத வளர்ச்சிக்கு இடம் எஞ்சியிருக்கும்போதே அவ்வெச்சரிக்கை எழ வேண்டும்.