பிரிட்டனில் சீட் கிடைத்தாச்சு, ரூம் கிடைத்ததா? உங்களுக்குத் தெரியுமா?

பிரிட்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் பிரிப்பார்கள். அதன்பிறகு பேச்செல்லாம் விசா, கல்விக் கடன், விமான டிக்கெட். பிள்ளை எங்கே தங்கப்போகிறான் என்ற கேள்வி ஜூலைக் கடைசியில்தான் எழும். அதற்குள் நல்ல அறைகளையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துவிட்டிருப்பார்கள். அந்த விவரங்களில் சில இங்கே.

★ மாணவர் அறைகளின் வாடகையை அங்கே பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். வாரம் 180 பவுண்டு என்றதும் நம் மனம் நான்கால் பெருக்கி, மாதம் 720 என்று முடிவு கட்டிவிடும். வருடத்துக்கு 52 வாரம் அல்லவா? 180-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள்: மாதம் 780. மாதாமாதம் 60 பவுண்டு துண்டு விழும்.

★ வாடகையைவிட முக்கியமான எண் ஒப்பந்தத்தில் இருக்கிறது: மொத்தம் எத்தனை வாரம்? இளநிலை மாணவர்களுக்கு 40 வாரத்தை ஒட்டிய ஒப்பந்தங்கள் சகஜம். முதுநிலை மாணவர்களுக்கு 50, 51 வாரம் வரை போகும். வாரம் 200 பவுண்டு அறை 40 வாரத்துக்கு 8,000 பவுண்டு. வாரம் 165 பவுண்டு அறை 51 வாரத்துக்கு 8,415. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஓராண்டு எம்.எஸ்ஸி. படிப்பில் ஆய்வறிக்கை வேலை ஆகஸ்ட், செப்டம்பர் வரை இழுக்கும். 40 வார அறை எடுத்தவர் ஜூன், ஜூலையில் பெட்டி படுக்கையோடு வேறு இடம் தேட வேண்டும். அறையின் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் பாருங்கள்.

★ இளநிலைப் படிப்புக்கு, பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பித்து இடம் பெற்றவர்கள், அறையும் அதோடு சேர்ந்தது என்று நினைத்துவிடுவதுண்டு. இல்லை. விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசி தேதி. முதலாண்டு மாணவர்களுக்கு அறை உறுதி என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்வது உண்மைதான். அதற்கு நிபந்தனைகள் உண்டு: அந்தப் பல்கலைக்கழகத்தையே உங்கள் முதல் தேர்வாக உறுதிசெய்திருக்க வேண்டும், குறித்த தேதிக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அவர்கள் உறுதியளிப்பது ஏதோ ஓர் அறையை. நீங்கள் முதல் விருப்பமாகக் குறித்த அறையை அல்ல.

★ 'என்சூட்' என்றால் நம்மூர் அட்டாச்டு பாத்ரூம். அடுக்களை பொது. 'ஸ்டுடியோ' என்றால் அடுக்களையும் உள்ளேயே. வாடகையும் அதற்கேற்ப ஏறும். 'கேட்டர்டு' என்றால் சாப்பாடு சேர்த்து. இந்தக் கடைசி வகையில் கவனம் தேவை. சாப்பாடு போடும் விடுதிகளில் பெரும்பாலும் மைக்ரோவேவ், கெட்டில், ஃபிரிட்ஜ் வைத்த ஒரு சின்ன மூலைதான் இருக்கும். மெனு பிடிக்கவில்லை, நாமே ரசம் வைத்துக்கொள்ளலாம் என்றால் அடுப்பு இருக்காது.

★ இடம் கொடுத்த பல்கலைக்கழகமே, "ஊரில் அறை கிடைப்பது கஷ்டம்" என்று கையை விரித்த ஆண்டு 2022. அறை உறுதியாகாமல் கிளம்பி வராதீர்கள் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகம் மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. பிரிஸ்டல் மாணவர்கள் சிலருக்கு எல்லை தாண்டி வேல்ஸின் நியூபோர்ட்டில் அறை ஒதுக்கப்பட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகமோ, 30 மைல் தள்ளியிருக்கும் லிவர்பூலில் போய்த் தங்கச் சம்மதிப்பவர்களுக்கு 2,500 பவுண்டு தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் டர்ஹம் நகரில், அடுத்த கல்வியாண்டுக்கான வாடகை வீட்டைப் பிடிக்க, தரகர் அலுவலக வாசலில் மாணவர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். வகுப்பு தொடங்கிய மாதத்திலேயே அடுத்த வருட வீட்டுக்கு ஓட்டம்!

★ மாணவர் விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய செலவுப் பணம், 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171. அதிகபட்சம் 9 மாதத்துக்கு. பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், ஓர் உச்சவரம்பு வரை அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் காட்டினால் போதும். தனியார் விடுதிக்குக் கட்டிய பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. அங்கே எவ்வளவு கட்டியிருந்தாலும் முழுத் தொகையையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

★ விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் என்னாகும்? தனியார் விடுதிகள் பலவற்றில் 'விசா இல்லையா, வாடகை இல்லை' என்றொரு விதி உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும்: மறுப்புக் கடிதத்தை இத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், இன்ன தேதிக்குப் பிறகு செல்லாது என்பது மாதிரி. கையெழுத்துப் போடும் முன் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'விசா தாமதமானால்' என்பதும் 'விசா மறுக்கப்பட்டால்' என்பதும் அந்த ஒப்பந்தத்தில் வேறு வேறு சங்கதிகளாக இருக்கலாம்.

★ தனியார் வீட்டு ஓனர்கள் ஜாமீன் கேட்பார்கள். அப்பா மத்திய அரசு அதிகாரியாகவே இருந்தாலும் அவர் கையெழுத்து அங்கே பெரும்பாலும் எடுபடாது. பிரிட்டனில் வசிப்பவராக, அங்கே வருமானம் உள்ளவராக ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லாத வெளிநாட்டு மாணவர்கள் ஆறு மாத, ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டுவது வழக்கமாக இருந்தது. 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வீட்டு ஓனர் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் ஜாமீனுக்கு ஆளில்லாத மாணவருக்கு, 'மொத்தமாகக் கட்டிவிடுகிறேன்' என்று பேரம் பேசும் வழியும் இதனால் அடைபடுகிறது. ஜாமீன் நிற்கும் திட்டம் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். பல்கலைக்கழக விடுதிகளும், அங்கீகரிக்கப்பட்ட நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்ட பெரிய தனியார் மாணவர் விடுதிகளும் இந்த மாற்றத்துக்கு வெளியே.

★ சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது அதிசயமாக இருக்கும்: இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு, அட்வான்ஸ் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டை உங்களுக்கென்று பிடித்துவைக்கக் கேட்கும் டோக்கன் ஒரு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதோடு, அட்வான்ஸ் பணத்தை 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் ஓனர் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குத் தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

★ ஐந்து பேரோ அதற்கு மேலோ, ஒரே குடும்பமாக இல்லாதவர்கள், அடுக்களையையோ குளியலறையையோ பகிர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் கட்டாயம். அப்படிப்பட்ட வீட்டை 'எச்எம்ஓ' என்பார்கள். அப்படி உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. நம் கணக்கில் சுமார் 70 சதுர அடி. அகலக் கோண லென்ஸில் எடுத்த போட்டோவை நம்பாமல் அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

★ நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வீடு எடுத்தால், ஒருவன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினாலும் அவன் பங்கு வாடகை மற்ற மூவர் தலையில். இதற்குப் பெயர் ஜாயின்ட் டெனன்சி. அறைக்கொரு ஒப்பந்தம் என்றால் அவரவர் பாடு அவரவரோடு.

★ ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எங்கே தங்கலாம் என்பதற்கு மைல் கணக்கே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இளநிலை மாணவர் கல்விப் பருவத்தில் கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயத்திலிருந்து 3 மைலுக்குள் வசிக்க வேண்டும்; முதுநிலை மாணவருக்கு 10 மைல். ஆக்ஸ்ஃபோர்டில் கார்ஃபாக்ஸ் சந்திப்பிலிருந்து இளநிலைக்கு 6 மைல், முதுநிலைக்கு 25.

★ அந்த கேம்பிரிட்ஜில் 1914-இல் போய் இறங்கிய கணிதமேதை ராமானுஜன் முதலில் தங்கியது, அவரை அழைத்து வந்த கணித ஆசிரியர் நெவில் வீட்டில். அதன்பிறகே டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட்டில் அறை கிடைத்தது. ஒரு நாள் அவரைப் பார்க்க மகலனோபிஸ் வந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர்; அப்போது அங்கே மாணவர். ராத்திரி குளிர் தாங்காமல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொல்ல, போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஓரங்களை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை, மேலேயே படுத்திருந்திருக்கிறார். மகலனோபிஸ்தான் பிரித்துக் காட்டினார்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பெரும்பாலான விடுதிகளில் வெறும் மெத்தைதான் இருக்கும். தலையணை, போர்வை, விரிப்பு எதுவும் இருக்காது. முன்கூட்டியே 'பெடிங் பேக்' கேட்டுப் பணம் கட்டினால் அறையில் கொண்டுவந்து வைத்துவிடுகிற விடுதிகள் உண்டு. ராத்திரி பத்து மணிக்குப் போய் இறங்குகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

★ லண்டனில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருக்கும் இந்தியன் ஒய்எம்சிஏ விடுதிக்கும் சேலத்துக்கும் சம்பந்தம் உண்டு. இந்திய மாணவர்களுக்காக 1920-இல் லண்டனில் சங்கமும் விடுதியும் தொடங்கக் காரணமானவர் கே. டி. பால், 1876-இல் சேலத்தில் பிறந்தவர். இப்போதிருக்கும் கட்டடம் 1953-இல் திறக்கப்பட்டது.

★ அடுக்களைக்கு வருவோம். விடுதி அடுக்களைகளில் பெரும்பாலும் வெப்பத்தை உணரும் கருவி. நடைவழியிலும் அறைகளிலும் புகையை உணரும் கருவி. அடுக்களைக்குள் கடுகு, மிளகாய் தாளித்தால் ஒன்றும் ஆகாது. காற்றுக்காகக் கதவுக்கு ஒரு செருப்பை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தீர்களோ, தீர்ந்தது. தாளிப்புப் புகை நடைவழிக்குப் போய், அலாரம் அலறி, கட்டடம் முழுக்கக் காலியாகி, நவம்பர் தூறலில் ஹவாய் செருப்போடு எல்லோரும் வாசலில் நிற்பார்கள். நடுவில் நீங்கள் கரண்டியோடு. புகைக் கருவியை பிளாஸ்டிக் பையால் மூடி வைத்தால் அபராதம். விடுதிக்காரர்களின் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது: 2019 நவம்பர் 15 இரவு போல்டன் நகரில் 'தி க்யூப்' என்ற மாணவர் குடியிருப்பு தீப்பிடித்து எரிந்தது. உயிரிழப்பு இல்லாமல் எல்லோரும் தப்பினார்கள்.

ஊதுபத்தி, சூடம், மெழுகுவத்தி அனேகமாக எல்லா விடுதிகளிலும் தடை. சாமி படத்துக்கு எல்இடி விளக்குதான். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அம்மா கட்டிக்கொடுக்கும் அலுமினிய குக்கர் சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். ரைஸ் குக்கரை அறையில் வைக்கக்கூடாது, அடுக்களையில் வைக்கலாம் என்பது பல இடங்களில் விதி.

★ கட்டடத்தின் அழகில் மயங்குகிறவர்களுக்கு: நார்விச் நகரின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில், படிக்கட்டுப் பிரமிடு வடிவில் டெனிஸ் லாஸ்டன் 1960-களில் வடிவமைத்த 'ஸிகுராட்' விடுதிகள் உலகப் புகழ் பெற்றவை, பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள். 2023 செப்டம்பரில் அவற்றில் வலுவற்ற ஒருவகை காற்றுக்குமிழ் கான்கிரீட் இருப்பது தெரியவந்து, மாணவர்கள் அங்கிருந்து மாற்றப்பட்டார்கள்.

★ முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்கு இங்கிலாந்தில் கவுன்சில் வரி கிடையாது. தானாக விலக்கு வந்துவிடாது. மாணவர் என்ற சான்றிதழைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும். வாடகையைப் பங்குபோட, வேலைக்குப் போகும் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அந்த வீட்டுக்கு வரி வந்துவிடும்.

★ இங்கிலாந்தில் தனியார் வீடு பிடிக்கும்போது, நீங்கள் குடியிருக்கத் தகுதியுள்ளவரா என்று ஓனர் சட்டப்படி சோதிக்க வேண்டும். இ-விசா கணக்கிலிருந்து அதற்கென ஒரு ஷேர் கோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். 90 நாள் செல்லும். ஸ்காட்லாந்தில் இந்தச் சோதனை இல்லை.

★ டி.வி. லைசென்ஸ் என்ற சங்கதி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் அறையில் டி.வி. பெட்டியே இல்லை, லேப்டாப்பில்தான் பார்க்கிறீர்கள் என்றாலும், நேரலையாக ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பார்க்கவோ பிபிசி ஐபிளேயரைத் திறக்கவோ லைசென்ஸ் வேண்டும். பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு: பெற்றோர் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்து, நீங்கள் மின்சாரத்தில் செருகாமல் பேட்டரியில் மட்டும் ஓடும் கருவியில் பார்த்தால் தனி லைசென்ஸ் வேண்டாம். மதுரையில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு அந்த லைசென்ஸ் இருக்க வாய்ப்பில்லை. ஆக, சிஎஸ்கே மேட்ச்சை டி.வி. சேனலில் லைவாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.