தாத்தாவின் குரல் கேசட்டில் இருக்கிறது

சிங்கப்பூரில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் கேம்கோடர் வைத்திருந்த குடும்பங்களின் வீடுகளில் இன்றும் ஒரு பெட்டி இருக்கும். ஸ்டோர்ரூமில் பழைய பிஸ்கட் டின்னிலோ காலணிப் பெட்டியிலோ, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். மேலே அரைகுறையாக அழிந்த எழுத்தில் ‘கல்யாணம்’, ‘பிறந்தநாள் 2’ என்று எழுதியிருக்கும். அவற்றைப் போட்டுப் பார்க்கக் கருவி இருக்காது.

“எல்லாவற்றையும் கணினிக்கு மாற்ற வேண்டும்” என்ற பேச்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் எழும். பிறகு அடங்கிவிடும். கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் எங்கள் வீட்டிலிருந்த 23 கேசட்டுகளை நான் மாற்றினேன். தொழில்நுட்பம் அந்த வேலையில் பாதிதான். மீதிப் பாதியை எந்தக் கடையும் நமக்குச் செய்துதர முடியாது. இரண்டையும் பற்றி இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

கேசட்டுக்குள் இருப்பது காந்தத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரப்பதத்தால் சிதையும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நாடாவில் பூஞ்சையும் பிடிக்கும்.

அதைவிட அவசரமான சிக்கல், கருவிகள் மறைந்து வருவது. விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. சோனி நிறுவனம் மினிடிவி கேசட் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015லேயே எச்சரித்தது: 2025க்குள் கணினிக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி கையைவிட்டுப் போய்விடும் என்று. நிபுணர்களும் குளிரூட்டப்பட்ட அறைகளும் உள்ள காப்பகத்துக்கே அந்தக் கவலை என்றால், நம் பிஸ்கட் டின்னின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

முதலில் கேசட்டை அடையாளம் காணுங்கள்

எல்லா கேசட்டும் ஒன்றல்ல. கேசட்டின் மேலுள்ள சின்னத்தைப் பாருங்கள். வீடியோ8, ஹை8 ஆகியவை எட்டு மில்லிமீட்டர் அகல நாடா கொண்டவை. வீடியோ8 1985ல் வந்தது. இவை அனலாக் முறையில் பதிவானவை. 1995ல் வந்த மினிடிவி அளவில் இன்னும் சிறியது. அதில் படம் ஏற்கெனவே எண்களாக, அதாவது டிஜிட்டல் தரவாகப் பதிந்திருக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எந்தக் கம்பி வேண்டும் என்பது தெரியும்.

மினிடிவி கேசட்டுக்கு ஃபயர்வயர் இணைப்பு தேவை. சோனி கேமராக்களில் இதற்கு ‘ஐ.லிங்க்’ என்று பெயர். இதன் வழியாக மாற்றும்போது கேசட்டில் உள்ள தரவு அப்படியே கணினிக்கு நகலாகிறது. தரம் குறையாது. பல மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி துளையும் இருக்கும். அது பெரும்பாலும் புகைப்படங்களை மாற்றவோ தரம் குறைந்த காணொளியை அனுப்பவோதான் பயன்படும். இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லை. 2012ஆம் ஆண்டு மேக்புக் புரோ போன்ற பழைய கணினி உறவினர் யாரிடமாவது இருந்தால் இரவல் கேளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

வீடியோ8, ஹை8 கேசட்டுகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கேமராவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை யுஎஸ்பி பதிவுக் கருவி ஒன்றில் செருகி, ஓபிஎஸ் ஸ்டூடியோ போன்ற இலவச மென்பொருளில் பதிவுசெய்வது ஒரு வழி. மஞ்சள் கம்பிக்குப் பதிலாக எஸ்-வீடியோ துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்புவதால் படம் தெளிவாக இருக்கும். மற்றொரு வழி, 1999ல் வந்த டிஜிட்டல்8 வகைக் கேமரா. அவற்றில் பல மாடல்கள் பழைய எட்டு மில்லிமீட்டர் கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியே டிஜிட்டலாக அனுப்பும். தாத்தாவின் பழைய கேமரா உயிர்விட்டிருந்ததால் அப்படிப்பட்ட ஒன்றைக் கேரோசல் தளத்தில் 150 வெள்ளிக்கு வாங்கினேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பயன்பட்டது ‘பால்’ முறை. அதில் விநாடிக்கு 25 படங்கள். ஜப்பானில் பயன்பட்டது ‘என்டிஎஸ்சி’ முறை. ஜப்பானில் விற்கப்பட்ட பழைய கேமராவை விலை மலிவாக இருக்கிறது என்று வாங்கினால் நம் கேசட் அதில் ஒழுங்காக ஓடாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கேமராவில் எழுத்து முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேசட்டைப் போடும் முன், அதன் விளிம்பிலுள்ள சிறு தடுப்பை நகர்த்திப் புதிய பதிவு விழாதபடி பூட்டுங்கள். நாடாவில் வெள்ளைத் தூள்போல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அந்தக் கேசட்டை ஓட்ட வேண்டாம். கேமராவின் தலைப்பகுதி கெடுவதோடு அடுத்த கேசட்டுகளுக்கும் அது பரவும். அத்தகைய கேசட்டுகளை அனுபவமுள்ளவர்களிடம் கொடுப்பதே நல்லது.

கடையில் கொடுத்து மாற்றுவதிலும் தவறில்லை. ஆனால் டிவிடியாக மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சுருக்கப்படாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

அவசரப்படுத்த முடியாத வேலை

திறன்பேசியிலிருந்து கோப்பை நகலெடுப்பதுபோல் இதைச் சில விநாடிகளில் முடிக்க முடியாது. ஒரு மணிநேர கேசட் மாற ஒரு மணிநேரம் ஆகும். எங்கள் வீட்டில் 90 நிமிட வீடியோ8 கேசட்டுகள் 14, ஒரு மணிநேர மினிடிவி கேசட்டுகள் 9. மொத்தம் 30 மணிநேரம். ஒரு மணிநேரக் காணொளி சுமார் 13 கிகாபைட் இடம் பிடிக்கும். அந்தக் கணக்கில் 390 கிகாபைட். ஒரு வன்தட்டில் தாராளமாக அடங்கிவிடும்.

முதல் நாள், கேசட்டை ஓடவிட்டுவிட்டுப் பாடம் படிக்கலாம் என்று திட்டமிட்டேன். படிக்க முடியவில்லை. காரணம், அந்தக் குரல்.

எனக்கு மூன்று வயதானபோது தாத்தா காலமாகிவிட்டார். வரவேற்பறைச் சுவரில் உள்ள படத்தில் அவர் முகத்தை நாள்தோறும் பார்க்கிறேன். அவர் எப்படிப் பேசுவார் என்பது எனக்குத் தெரியாது. 1993 முதல் எடுக்கப்பட்ட அந்த 14 கேசட்டுகளிலும் படம் பிடித்தவர் அவர்தான். அதனால் 21 மணிநேரத்தில் அவர் உருவம் தெரிவது சில நிமிடங்கள்தான். ஆனால் ஒலிவாங்கிக்கு மிக அருகில் இருந்தவர் அவர். எல்லார் குரலையும்விட அவர் குரலே தெளிவாகக் கேட்கிறது. “வெளிச்சம் பத்தல, கொஞ்சம் தள்ளி நில்லு.” “இங்க பாரு, இங்க பாரு.” தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் ஈப்போ ரயிலுக்காகக் காத்திருக்கும்போது, பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது 2011 ஜூன் 30ல். இடமும் போய்விட்டது, ஆளும் போய்விட்டார். எண்ணும் குரல் மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கேசட்டுகளிலும் கேமராவைப் பிடித்தவர் ஒருவர் இருப்பார். படத்தில் அவரைத் தேடாதீர்கள், காதுகொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பள்ளியில் நாம் வாய்மொழித் தேர்வுக்காகப் பேசிப் பழகிய தமிழ் ஒன்று. யாரும் மதிப்பெண் போடாதபோது நம் தாத்தா பாட்டி பேசிய தமிழ் வேறு. நடுவில் மலாய்ச் சொல் வரும், பாதி வாக்கியத்தில் சிரிப்பு வரும். சிங்கப்பூர் வீடுகளில் 30 ஆண்டுகளுக்குமுன் தமிழ் எப்படி ஒலித்தது என்பதற்கு இந்தக் கேசட்டுகளும் சான்று.

பெயர் சொல்ல ஒருவர் வேண்டும்

கோப்பு கணினிக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கத் தோன்றும். மாற்றிய காணொளிகளைப் பாட்டியுடன் உட்கார்ந்து பார்த்தபோதுதான் முக்கியமான பகுதி தொடங்கியது. திரையில் வந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

“பாட்டி, இது யாரு?” என்று கேட்டேன்.

“பழைய பிளாட்டுல பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா. நோன்புப் பெருநாளுக்கு நமக்கு கேக் கொடுத்து அனுப்பும். உங்க அம்மாவை அதுதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகும், நான் வேலைக்குப் போன நாள்ல.”

அம்மாவே மறந்திருந்த செய்தி அது. பாட்டி பேசுவதையும் என் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அப்படியும் ஐந்து பேர் யாரென்று பாட்டியாலும் சொல்ல முடியவில்லை. தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும் என்றார். அந்த ஐவரும் எங்கள் வீட்டுக் காணொளியில் இனிப் பெயரில்லாமல்தான் இருப்பார்கள்.

நாடா கெடுவதற்கு முன் மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நினைவிருப்பவர்கள் நம்முடன் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றியதைக் காப்பது எப்படி?

மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பகிர்வதற்கு எம்பி4 வடிவில் சிறிய நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டாகப் பிரித்துப் பதிவுசெய்தன. அதனால் கணினித் திரையில் அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பற்கள்போல் தெரியும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நகலெடுக்கும்போது இதைச் சரிசெய்யலாம்.

மினிடிவி கேசட்டில் தேதியும் நேரமும் படத்தின்மேல் தெரியாவிட்டாலும் தரவாகப் பதிந்திருக்கும். எம்பி4 ஆக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். ஆகவே தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: ‘1996-09-21 காதுகுத்து அங் மோ கியோ’ என்பதுபோல. யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் அதே கோப்புறையில் வையுங்கள்.

மூன்று நகல்கள் வைத்திருங்கள். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். எங்கள் வன்தட்டுகளில் ஒன்று சித்தப்பா வீட்டில் இருக்கிறது. கேசட்டுகளையும் தூக்கி எறியவில்லை. சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருக்கிறோம்.

சமூக ஊடகத்தில் பதிவேற்றும் முன் படத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு வேடிக்கையாகத் தெரியும் 1995ஆம் ஆண்டுச் சிகை அலங்காரம் பெரியம்மாவுக்கு வேடிக்கையாக இல்லாமல் இருக்கலாம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். இந்த வாரம் பெட்டியை எடுத்து, எத்தனை கேசட், என்ன வகை என்று மட்டும் எழுதுங்கள். அந்தப் பட்டியலை வீட்டில் மூத்தவரிடம் காட்டி, எதை முதலில் பார்க்க ஆசை என்று கேளுங்கள். அவர் சொல்லும் கேசட்டிலிருந்து தொடங்குங்கள்.