காசு கொடுத்து வாங்கிய காணொளி: எங்கே போடலாம், எங்கே கூடாது?

தீபாவளி நெருங்கினால் சேலைக் கடை முதல் தோட்டத்து இளைஞர் மன்றம் வரை எல்லாரும் காணொளி தேடுகிறார்கள். இணையத்தில் பணம் கட்டி ஒரு காட்சியைப் பதிவிறக்கிவிட்டால் அது தங்களுக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே விற்பனையாவது பயன்பாட்டு உரிமம் மட்டுமே. காணொளி, எடுத்தவருக்கே சொந்தமாக இருக்கிறது.

பெரும்பாலோர் இடறி விழுவது 'எடிட்டோரியல்' என்ற குறிப்பில்தான். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தைக் காட்டும் காட்சிகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் விற்கப்படுகின்றன. செய்திக்கும் ஆவணப்படத்திற்கும் இவற்றைப் பயன்படுத்தலாம், விளம்பரத்திற்கு ஆகாது. காவடி எடுத்து வரும் பக்தர், தம் முகத்தைக் காட்டிச் சேலை விற்கலாம் என்று யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை அல்லவா? முகநூலில் பணம் கட்டிப் பரப்பும் பதிவும் விளம்பரம்தான். கடைக்காரர்கள், 'கமர்ஷியல்' பயன்பாட்டுக்கு அனுமதி உள்ள காட்சியையே வாங்க வேண்டும்.

'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் என்று பொருள் கொள்வது இன்னொரு தவறு. ஒருமுறை பணம் கட்டினால், நிபந்தனைக்கு உட்பட்டுப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். 'ரைட்ஸ் மேனேஜ்ட்' உரிமத்தில் எந்த நாடு, எத்தனை மாதம், எந்த ஊடகம் என்று கணக்கிட்டு விலை சொல்வார்கள். சிறு வியாபாரிக்கு முதல் வகையே போதும். தொலைக்காட்சி விளம்பரம் என்றால் மட்டும், வாங்கும் சாதாரண உரிமம் அதற்குப் போதுமா, கூடுதல் விலை உரிமம் வேண்டுமா என்று படித்துப் பார்ப்பது நல்லது. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விளம்பரம் செய்து கொடுத்தவர் தம் கணக்கில் வாங்கிய காட்சியை, மறு ஆண்டு கடைக்காரர் வெட்டி எடுத்து வேறு விளம்பரத்தில் சேர்க்க உரிமம் இடம் தராமல் போகலாம். ரசீதையும் உரிம நிபந்தனைகள் உள்ள பக்கத்தையும் சேமித்து வையுங்கள். யூடியூப்பில் உரிமைக் கோரிக்கை வந்தால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

திரைப்படத்தின் கதை வேறு. வட்டு வாங்குவதும் நெட்ஃபிளிக்ஸுக்குச் சந்தா கட்டுவதும் வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே. ஆனால் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில் ஒரு விலக்கு தருகிறது. லாப நோக்கமற்ற மன்றமோ அமைப்போ, அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் ஒரு படைப்பைத் திரையிடலாம். இந்த நிபந்தனைகள் எல்லாமே சேர்ந்திருக்க வேண்டும். ஆலயத் திருப்பணி நிதிக்காக என்றாலும், தலைக்கு 5 ரிங்கிட் டிக்கெட் போட்டால் விலக்கு போய்விடும். படத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கியாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சந்தா சேவைகளின் நிபந்தனைகளும் தனியாகக் கட்டுப்படுத்தும். மண்டபத்தில் ஓடும் படத்தை அப்படியே முகநூல் நேரலையில் விட்டுவிட்டு, இந்த விலக்கைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது.