அட்டை தொலையவில்லை, எரிக்கப்பட்டது: பொலிஸில் கொடுக்கும் முறைப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்தபோது அந்த அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துக் காட்டினார். பொலிஸ் நிலையத்தில் கொடுத்த துண்டு. திகதியும் முறைப்பாட்டு இலக்கமும் மட்டும் இருந்தன. கணவர் அவரை அடித்துவிட்டு அவருடைய தேசிய அடையாள அட்டையை அடுப்பில் போட்டிருக்கிறார். புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க முறைப்பாட்டின் பிரதி வேண்டும்.

"தொலைஞ்சு போச்செண்டு எழுதினாக் கெதியா முடியுமெண்டு சொன்னவை. நானும் ஓமெண்டிட்டன்."

அட்டை எடுக்க அது போதும். ஆனால் சில மாதங்களின் பின், அடி தாங்க முடியாமல் அவர் ஒரு சட்டத்தரணியிடம் போனார். அவர் அந்தப் பிரதியை வாசித்துவிட்டு, "இதில அடிச்சதைப் பற்றி ஒண்டுமில்லையே அம்மா" என்றிருக்கிறார். அவருடைய பெயரையும் தீவையும் நான் இங்கே எழுதவில்லை. யார் எந்தப் படகில் ஏறினார் என்பதுகூட ஊருக்குத் தெரிகிற இடம் இது.

பொலிஸில் வாய்மொழியாகச் சொல்வதை எப்படிப் பதிய வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஒப்பம். அந்த அலுவலருக்குத் தமிழில் எழுத முடியாவிட்டால், தமிழில் எழுதித் தருமாறு உங்களிடம் கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது: எந்தத் திகதி, எத்தனை மணி, எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள், முன்பு எத்தனை தடவை. விளங்காத மொழியில் எழுதப்பட்டிருப்பதற்கு, அது என்னவென்று சொல்லப்படாமல் ஒப்பமிட வேண்டாம். சீருடையைக் கண்டாலே கை நடுங்குகிற தலைமுறை எங்களுடையது. வாசித்துக் காட்டுங்கோ என்று கேட்பது எவ்வளவு பாரமான விடயம் என்று தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிப் போங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் உதவி கேட்கலாம்.

காயம் இருந்தால் அதைப் பொலிஸிடம் சொல்லி, சட்ட மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தைக் கேளுங்கள். முதலில் வைத்தியசாலைக்குப் போனாலும் பிழையில்லை. அங்கே "விழுந்திட்டன்" என்று சொல்லாதிருந்தால் சரி. கண்டல் காயம் ஒரு கிழமையில் மாறிவிடும், வைத்தியரின் குறிப்பு மாறாது.

இன்னொன்று சமாதானம். கணவரையும் கூப்பிட்டு இருத்தி, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, இருவரிடமும் ஒப்பம் எடுத்து அனுப்புவது வழமை. விருப்பமில்லாவிட்டால் அதில் ஒப்பமிட உங்களுக்குக் கட்டாயமில்லை.

நீதிமன்றம் போக இந்த முறைப்பாடு இருந்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் அலுவலரும் கேட்கலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்க வேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நெடுந்தீவுப் பெண்ணுக்கு இது முதலில் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாக ஊர்காவற்றுறை வரை பஸ். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம். முறைப்பாடு கட்டாயமில்லை என்றாலும், நீதவான் முன்னால் நிற்கும்போது அது கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பிரதி தர இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தர வேண்டும். ஆலோசனைக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது.

2015இல் புங்குடுதீவு மாணவி காணாமற்போனபோது குடும்பத்தின் முறைப்பாட்டைப் பொலிஸார் பாரதூரமாக எடுக்கவில்லை என்ற கோபத்தை இந்தத் தீவுகள் இன்னும் மறக்கவில்லை. "போய் என்ன பிரயோசனம்?" என்று கேட்கிறவர்களிடம் என்னால் எளிதாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

அந்த அக்கா அடுத்த கிழமை திரும்பவும் போனார். கூடவே அவருடைய தங்கை. மேலதிக வாக்குமூலம் கொடுத்து, "எரிச்சவர்" என்ற சொல் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகே ஒப்பமிட்டார். புதிய இலக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். துண்டு இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. தன் வீட்டு அடுப்பை அவர் நம்பத் தயாரில்லை.