நனையக் கூடாத பாலங்கள்

ஆற்றைக் கடக்கப் பாலம் ஒன்று போதுமே, அதன்மேல் ஓடு வேய்ந்து, பக்கங்களில் பலகை அடித்து, உள்ளே பெஞ்சு போட்டு, நடுவில் ஒரு சந்நிதியும் அமைத்து, யாரோ ஒரு தனவந்தர் தம் வீட்டு நடைக்கூடத்தைத் தூக்கி வந்து நீரின் குறுக்கே வைத்துவிட்டாரோ என்று மயங்கும்படி எதற்காகக் கட்டினார்கள் என்ற சந்தேகம், சீன தேசத்தில் ஃபூஜியன், ஜெஜியாங் என்ற இரு மாகாணங்களும் கூடுகிற மலைப்பிரதேசத்துக்கு முதன்முறை செல்லும் எவருக்கும் எழக்கூடும். வழிப்போக்கர் நனையாதிருக்கத்தான் என்று பதில் சொன்னால் அது பாதிதான் சரி. முக்கியமாக நனையக் கூடாதது பாலத்தைத் தாங்கும் மரமே. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்ட மரம் சில ஆண்டுகளில் இற்றுப்போகும். மேலே கூரையும் பக்கத்தில் பலகை மறைப்பும் கிடைத்துவிட்டால் அதே மரம் தலைமுறைகளைக் காணும்.

தாய்ஷுன் மாவட்டத்தில் சகோதரிப் பாலங்கள் என்று பெயர் பெற்ற இரண்டில், ஒன்று 1570-லும் மற்றது 1674-லும் முதலில் எழுந்து, பலமுறை புதுப்பிக்கப்பட்டு, இன்றும் நிற்கின்றன.

ஆனால் கூரையைவிட ஆச்சரியமானது அதன் அடியில் இருக்கிறது. ஆற்றின் அகலத்துக்கு ஒரே மரம் எட்டாது. வேகமான மலைவெள்ளத்தில் நடுவே தூண் நாட்டவும் முடியாது. ஆகவே தச்சர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். இரு கரைகளிலிருந்தும் சாய்வாக ஏறும் தூலங்களையும், அவற்றை உச்சியில் இணைத்துக் கிடையாகப் படுக்கும் தூலங்களையும் கொண்டு முதலில் ஒரு வளைவு அமைத்து, அதைவிடக் குறுகிய தூலங்களை ஐந்து பகுதிகளாகச் சேர்த்த இன்னொரு வளைவை, பாய் முடைபவர் கோரையை மேலும் கீழுமாகச் செலுத்துவதுபோல், முதல் வளைவின் இடைவெளிகளில் புகுத்திவிடுகிறார்கள். துளையும் கழுந்துமாய்ப் பொருந்திய இந்த வளைவுக்கு இரும்பாணி வேண்டியதில்லை. மேலிருந்து பாரம் அழுத்த அழுத்தத் தூலங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறினாலோ மறுபக்கம் மேலெழும்பப் பார்க்கும். அந்தச் சஞ்சலத்தை அடக்குவதும் கூரையின் கனமே.

2016 செப்டம்பர் 15 அன்று மெராந்தி புயல் கொணர்ந்த பிரவாகத்தில் தாய்ஷுனின் புராதனப் பாலங்கள் மூன்று ஒரே நாளில் போயின. கிராமத்தார் ஆற்றோரமாகவே சென்று, கரையொதுங்கிய தூலங்களைத் தேடிச் சேகரித்தார்கள். அவற்றையும் கொண்டு அடுத்த ஆண்டின் இறுதிக்குள் மூன்றும் மீண்டும் எழும்பின. பழைய மரம் எவ்வளவு, புதிய மரம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லை அறிந்த நமக்கு அந்த விசாரம் பெரிதாகத் தோன்றாது. பொருத்தத் தெரிந்த தச்சர்கள் அப்போது இருந்தார்களே, அதுவே பெரும் பாக்கியம். சிமெண்டுப் பாலங்கள் வந்தபிறகு அவர்களுக்கு வேலை அருகியது. நல்ல மரமும் அரிதாயிற்று. 2009-ல் யுனெஸ்கோ, அவசரமாகக் காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் பாலங்களைச் சேர்க்காமல் அவற்றைக் கட்டும் வித்தையைச் சேர்த்தது விவேகமான காரியம் என்றே நினைக்கிறேன். 2024-ல் அவ்வித்தை அபாயப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டுப் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

நீருக்குத் தப்பினாலும் நெருப்பு இருக்கிறது. ஃபூஜியனில், வடக்கு சோங் வம்ச காலத்தில் முதலில் கட்டப்பட்டதும் 98 மீட்டர் நீளமுள்ளதுமான வான்ஆன் பாலம், 2022 ஆகஸ்டில் ஓர் இரவில் எரிந்து வீழ்ந்தது. இத்தகைய செய்தி வந்தவுடனே, பாலத்தின் நடுவிலுள்ள சந்நிதிகளில் விளக்கும் ஊதுவத்தியும் கூடாது என்று உத்தரவிடத் தோன்றுவது இயல்புதான். ஆயினும் அந்தச் சந்நிதியை மூடிவிட்டால், வேறு சாலை வந்துவிட்ட இந்நாளில் கிராமத்தார் அப்பக்கம் வர வேறு காரியம் ஏது? கூரையில் ஓடு ஒன்று உடைந்து உள்ளே நீர் சொட்டுவதை முதலில் காண்பவள், தினமும் ஊதுவத்தி ஏற்ற வருகிற பாட்டிதானே.