கேம் இன்ஜின்: எதைத் தேர்ந்தெடுப்பது?

படம் வரைவது, பொத்தானை அழுத்தியதும் பாத்திரத்தைக் குதிக்க வைப்பது, சுவரில் மோதினால் நிறுத்துவது, ஒலி எழுப்புவது என்று எல்லா வீடியோ கேம்களுக்கும் பொதுவான வேலைகள் உண்டு. அவற்றை ஆயத்தமாகத் தரும் மென்பொருள்தான் கேம் இன்ஜின். தனியாகவோ சிறு குழுவாகவோ கேம் செய்பவர்கள் பலர் யூனிட்டி, அன்ரியல், கோடோ மூன்றில் ஒன்றை எடுக்கிறார்கள். பாதியில் மாற்றினால் நிரலின் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டிவரும் என்பதால் தொடக்கத்திலேயே யோசித்து முடிவெடுப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது கேமின் தன்மை. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் அன்ரியல் 1998-இல் வந்தது. நிஜம்போல் தோன்றும் முப்பரிமாணக் காட்சிகளுக்குப் பெயர்போனது. திறன் மிகுந்த கணினி கேட்கும். புனே நிறுவனம் ஒன்று 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ இதில் உருவானதே. 2005-இல் வந்த யூனிட்டியில் சி ஷார்ப் மொழியில் எழுத வேண்டும். மொபைல் கேம்களில் பரவலாகப் பயன்படுவது இது. ‘ஹாலோ நைட்’, ‘கப்ஹெட்’ இதில் செய்யப்பட்டவை. அர்ஜென்டினாவில் பிறந்து 2014-இல் திறமூலமான கோடோ அளவில் சிறியது, இருபரிமாண கேம்களுக்குத் தோதானது. அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தானை ஒத்திருப்பதால் புதியவர்களுக்கும் எளிது.

அடுத்தது உரிம நிபந்தனை. கோடோவுக்குக் கட்டணமும் இல்லை, வருவாயில் பங்கும் இல்லை. அன்ரியலில் ஒரு கேமின் வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டும்வரை இலவசம். தாண்டிய தொகையில் பொதுவாக 5 சதவீதம் பங்கு. 12 லட்சம் டாலர் ஈட்டிய கேமுக்கு 10,000 டாலர் கட்ட வேண்டும். யூனிட்டி பங்கு கேட்பதில்லை. ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா.

நிபந்தனை மாறாது என்று நம்பவும் முடியாது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் யூனிட்டி அறிவித்தது. ஏற்கெனவே வெளியான கேம்களையும் அது விடவில்லை. இலவச கேமைப் பலர் நிறுவினாலும் பணம் தருபவர்கள் சிலரே என்பதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதம் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ரிச்சிடியெல்லோ விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணமே கைவிடப்பட்டது. அதற்குள் ‘ஸ்லே தி ஸ்பயர் 2’ குழு கோடோவுக்கு மாறிவிட்டது.

எந்தக் கருவியில் விற்பது என்பதும் முக்கியம். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ கருவிகளுக்கான மென்பொருள் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. திறமூலமான கோடோவில் அதைச் சேர்க்க முடியாது. வெளி நிறுவனத்தின் உதவி தேவைப்படும். அனுமதி பெற்றவர்களுக்கு மற்ற இரண்டிலும் அந்த வசதி உண்டு.

தமிழில் கேம் செய்பவர்கள் எழுத்தையும் சோதிக்க வேண்டும். ‘தெ’ என்பதில் தகரம் முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். கோடோ 4-உம் அன்ரியலும் இதைத் தாமே செய்கின்றன. யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ செய்வதில்லை; கூடுதல் கருவி வேண்டும்.

ஒரு பாத்திரம், ஓர் அறை, ஒரு மெனு கொண்ட சிறு மாதிரியை இரண்டு இன்ஜின்களில் செய்து, விற்க நினைக்கும் கருவியிலேயே ஓட்டிப் பார்த்தால் விளம்பரங்கள் சொல்லாத குறைகள் தெரியவரும்.